கும்மோணத்துல மேத்ஸ் டியூஷன், ஒரு செமஸ்டர் போயி பாத்தாச்சு

ப்ளஸ் டூ மேத்ஸ்ல 94, தமிழ் மீடியம், அந்த தெம்புலதான் பி.எஸ்சி மேத்ஸ் எடுத்தேன். மொத வாரத்துலயே தெம்பு போயிடுச்சு. எல்லைன்னு படிச்சது இங்க லிமிட், சார்பு ஃபங்ஷன், வகையிடல் டிஃபரன்ஷியேஷன், சரி பேருதானே மாறிருக்குன்னு பாத்தா கேள்வியே மாறிருக்குங்க, "காண்க"ன்னு இருந்ததெல்லாம் "ப்ரூவ் தட்"னு வருது. விடைய அவங்களே குடுத்துட்டாங்க, அப்புறம் நான் என்னத்த எழுதுறது?

அதான் மகாமகக் குளத்து பக்கம் ஒரு டியூஷன்ல சேந்தேன். பேரு போடல, நாளைக்கும் அந்த வழியாத்தான் பஸ் ஸ்டாண்டு போவணும். மாசம் 700 ரூவா, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து ஏழு. பழைய வீட்டு மாடி, ஜமுக்காளம், ஒரு ஃபேன், கொசு தாராளம். பாபநாசம் போற எனக்கு ஏழு மணிக்கு மேல பஸ்ல நிக்கத்தான் எடம்.

வாசல் பேனர்ல ராமானுஜன். இந்த ஊர்ல அவரு படம் இல்லாத மேத்ஸ் போர்டு இருந்தா சொல்லுங்க. மொத நாள் சார் அவர பத்தியே முக்கா மணி நேரம் பேசுனாரு, சாரங்கபாணி சன்னதி தெரு வீடு, டவுன் ஹைஸ்கூல், அங்கேர்ந்து லண்டன் வரைக்கும். ஆனா 1904ல இதே ஊரு காலேஜுல ஸ்காலர்ஷிப்போட சேந்துட்டு, கணக்கையே போட்டுட்டு இருந்து மத்த பாடத்துல ஃபெயிலாகி அந்த ஸ்காலர்ஷிப்ப விட்டாரே, அத மட்டும் சொல்லல. எங்களுக்கு வேண்டியதே அதான், ஏன்னா எங்க செட்ல அரியர் வெச்சவன்ல பாதி பேரு விட்டது மேத்ஸ்ல இல்ல, இங்கிலீஷ்லயும் அலைடு பிசிக்ஸ்லயும்தான்.

இனி க்ளாஸ். சார் போர்டுல எழுதுவாரு, நாங்க எழுதுவோம், முக்கியமான கேள்விக்கு ஸ்டார் போடுவாரு. ஸ்டார் போட்டதுல நெறைய செமஸ்டர்ல வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பாஸ் மார்க்குதான் வேணும்னா தாராளமா போங்க.

என் பிரச்சனை வேற. எக்ஸ் 2ஐ நெருங்குனா எக்ஸ் ஸ்கொயர் 4ஐ நெருங்கும்னு எப்சிலான் டெல்டா வெச்சு நிரூபிக்கணும், அதாவது எக்ஸ் ஸ்கொயர் 4லேர்ந்து எப்சிலான் தூரத்துக்குள்ள நிக்கணும்னா, எக்ஸ் 2லேர்ந்து எவ்ளோ தூரத்துக்குள்ள இருக்கணுமோ அதான் டெல்டா. சார் மொத வரிலயே "டெல்டாவ 1, எப்சிலான் பை 5, இந்த ரெண்டுல சின்னதா எடுத்துக்கோ"ன்னு எழுதிட்டாரு. சார் அந்த அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன். "அது அப்படித்தான் வரும், எழுதிக்க"ன்னாரு. பின்னாடிலேர்ந்து ஒருத்தன் டெல்டாவுல பொறந்துட்டு டெல்டா தெரியலயாடான்னு கத்துனான், எல்லாரும் சிரிச்சாங்க, அஞ்சு மட்டும் அங்கயே நின்னுச்சு. ரெண்டு மாசம் அத மனப்பாடமாத்தான் எழுதிட்டு இருந்தேன், எக்ஸ் ஸ்கொயருக்கு பதிலா எக்ஸ் க்யூப் வந்தா காலி.

இந்த டியூஷன்ல உருப்படியான விஷயம் சனிக்கிழமை டவுட் க்ளாஸ். எம்.எஸ்சி படிக்கிற ஒரு அக்கா வருவாங்க, தனி ஃபீஸ் இல்ல. அவங்ககிட்ட அதே அஞ்ச கேட்டேன். "தம்பி, ஃபேர் காப்பிய மேலேர்ந்து படிச்சா வெளங்காது, ரஃப்ப கீழேர்ந்து போடு"ன்னு பேப்பர எடுத்தாங்க. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4ங்கறது எக்ஸ் மைனஸ் 2 இண்ட்டு எக்ஸ் ப்ளஸ் 2. மொதல்ல இருக்கறத டெல்டா பாத்துக்கும், ரெண்டாவது எவ்ளோ பெருசாகும்? எக்ஸ் 2லேர்ந்து 1க்கு மேல தள்ளிப் போவக்கூடாதுன்னு கட்டிப் போட்டா எக்ஸ் 1க்கும் 3க்கும் நடுவுல, அப்ப எக்ஸ் ப்ளஸ் 2 அஞ்ச தாண்டாது. அஞ்சு இண்ட்டு டெல்டா எப்சிலானுக்குள்ள நிக்கணும்னா டெல்டா எப்சிலான் பை 5, அவ்ளோதாங்க அஞ்சு. க்யூபுக்கு அங்கயே ஒக்காந்து நானே போட்டேன், 19 வந்துச்சு.

இன்னொரு நாள் "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா"ங்கறத திருப்பி "ஒரு டெல்டா, அது எல்லா எப்சிலானுக்கும்"னு எழுதுனா என்னக்கா தப்புன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. "ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை இருக்குங்கறதும், ஒரே மடை இருக்கு அது எல்லா வயலுக்கும் பாயும்ங்கறதும் ஒண்ணா? ஒங்க அப்பாகிட்ட கேளு"ன்னாங்க. எங்கப்பாகிட்ட நான் கேட்டேன், மடை பங்காளி சண்டைய அர மணி நேரம் சொன்னாரு, ஆனா எனக்கு புரிஞ்சிடுச்சு.

நோட்ஸ் 60 ரூவா, வாங்காதீங்க, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், எழுத்துக்கு கீழ போடுற குட்டி சஃபிக்ஸே தெரியல. வீடியோதான் வேணும்னா என்பிடெல்ல ஐஐடி ப்ரொஃபசருங்க எடுத்தது ஃப்ரீயாவே இருக்கு, எக்ஸாம் எழுதி சர்டிஃபிகேட் வாங்கத்தான் காசு. இங்கிலீஷ் வேகமா இருக்கும், ஸ்பீட கொறச்சு வெச்சு பாருங்க.

சாருக்கு 5க்கு 2, அக்காவுக்கு 5க்கு 5. அடுத்த செமஸ்டருக்கு சனிக்கிழமைக்கு மட்டும் தனியா ஃபீஸ் கட்டலாமான்னு கேட்டேன், அதெல்லாம் கெடையாதுன்னுட்டாங்க, முழு 700தான். கட்டிட்டேன். நீங்களும் வர்றதா இருந்தா சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க, ஃபேனுக்கு கீழ நாலு பேருதான் ஒக்கார முடியும், அதுல ஒரு எடம் என்னுது.