நார்த்வெஸ்டர்ன் லீகா, வெஸ்டர்ன் லீகா?

அமெரிக்க பேஸ்பாலின் ஆரம்ப கால மைனர் லீகுகள் (இரண்டாம் நிலைப் போட்டித் தொடர்கள்) இவை. 1883-இல் டொலிடோ, பியோரியா, சாகினா போன்ற ஊர்களின் 8 அணிகளோடு ஆடியது நார்த்வெஸ்டர்ன் லீக். டொலிடோவின் கேட்சர் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்) மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் கறுப்பினத்தவர். கறுப்பின வீரர்களைத் தடுக்கும் தீர்மானத்தைப் பியோரியா கொண்டுவந்து, பிறகு திரும்பப் பெற்றது. அந்த ஆண்டுப் பட்டம் டொலிடோவுக்கே! அடுத்த ஆண்டு அகலக்கால் வைத்து 12 அணிகளாக விரிந்தார்கள். செலவு தாங்காமல் அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, அந்த சீசனிலேயே லீக் படுத்துவிட்டது.

1894-இல் பேன் ஜான்சன் தலைமையில் ஆடத் தொடங்கிய வெஸ்டர்ன் லீக் 8 அணிகளிலேயே நிதானமாக நின்றது. மைதானத்தில் ரவுடித்தனத்தை அடக்கி, நடுவர்களுக்குத் துணை நின்றார் ஜான்சன். 1900-இல் அமெரிக்கன் லீக் என்று பெயர் மாறி, 1901-இல் மேஜர் லீகும் (முதல் நிலைத் தொடர்) ஆனது.

நிர்வாகத் திறமைக்கு வெஸ்டர்ன்தான் என் தேர்வு. ஆனால் வாக்கரை ஆடவிட்டது நார்த்வெஸ்டர்ன். ஜான்சன் உருவாக்கிய அமெரிக்கன் லீகில் கறுப்பின வீரர் களமிறங்க 1947 ஆகிவிட்டது.