லாங்பிரிட்ஜும் கௌலியும்: ஒரே கார், இரண்டு விதி

1959இல் பிறந்த மினி கார் இரண்டு இடங்களில் தயாரானது. ஒன்று பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ். 1905இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் தொடங்கியது. மற்றொன்று ஆக்ஸ்போர்டின் கௌலி. வில்லியம் மோரிஸ் 1913 முதல் கார் செய்த இடம். நம் அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு இங்கேதான் உருவானது.

மினியோடு கடைசிவரை இருந்தது லாங்பிரிட்ஜ்தான். பழைய மினியின் கடைசி வண்டி 2000 அக்டோபரில் அங்கிருந்து வெளியேறியது. அதே ஆண்டில் பிஎம்டபிள்யூ, தன்னிடமிருந்த, லாங்பிரிட்ஜை நடத்திய ரோவர் நிறுவனத்தை வெறும் 10 பவுண்டுக்கு விற்றது. மினி என்ற பெயரை மட்டும் விடவில்லை. 2001இல் புதிய மினி கௌலியில் உருவாகத் தொடங்கியது.

லாங்பிரிட்ஜ் 2005 ஏப்ரலில் மூடப்பட்டது. பாதி முடிந்த கார்கள் அசெம்பிளி வரிசையில் அப்படியே நின்றன. சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். தந்தையும் மகனும் ஒரே வாசலில் நுழைந்த ஆலை அது. இந்த வீழ்ச்சிக்குத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தங்களே காரணம் என்பவர்கள் உண்டு. பழியை அவற்றின் மேல் மட்டும் சுமத்துவது அநியாயம் என்பேன். 1968இல் பல கார் நிறுவனங்களை ஒன்றாக இணைத்துவிட்டு, புதிய மாடல்களுக்குப் போதிய முதலீடு செய்யாத நிர்வாகத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

கௌலி பிழைத்தது, ஆனால் முழுதாக அல்ல. மோரிஸ் கார்களை அசெம்பிள் செய்த பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அங்கே அலுவலகப் பூங்கா நிற்கிறது. புதிய மினி தயாராவது, முன்பு காரின் உடல்தகடுகளை அழுத்தி வடித்த பக்கத்து ஆலையில்.