சுருக்கமா, விரிவா? ஏஐ எழுதும் கேஸ் நோட்டுக்கு எந்த செட்டிங்?

டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, தானே நோட் எழுதித் தரும் ஏஐ கருவிகள் பலவற்றில், அது எவ்வளவு விரிவாக வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். அதற்கு மூன்று வழி. மொத்த நோட்டுக்கும் சுருக்கம், நடுத்தரம், விரிவு என்று ஒரே பொத்தான். ஹிஸ்டரிக்கு (நோயாளி சொல்லும் கதை) இப்படி, பிளானுக்கு (அடுத்து செய்யப்போவது) அப்படி என்று பகுதிவாரியாகக் கட்டளை எழுதிவைக்கும் டெம்ப்ளேட். அல்லது வந்தது வரட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் ‘இதைச் சுருக்கு’ என்று திருத்தச் சொல்வது. என் ஓட்டு டெம்ப்ளேட்டுக்கு. ஏன் என்பதற்கு ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம்.

58 வயதுக்காரர் சொல்கிறார்: “மூணு வாரமா மாடி ஏறினா நெஞ்சை அழுத்துது டாக்டர். நின்னுட்டா ரெண்டு நிமிஷத்துல போயிடுது. வேர்வையெல்லாம் இல்ல. சுகர் மாத்திரை காலைல மட்டும்தான் போடறேன், ராத்திரி போட்டா வயித்தைப் பிரட்டுது.”

சுருக்கத்தில் வைத்தால் வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “3 வாரமாக நெஞ்சுவலி. சர்க்கரை நோய், மாத்திரை எடுத்துவருகிறார்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்பதுதானே ஆஞ்சைனாவை (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) சந்தேகிக்க வைக்கும் விஷயம்? அது போய்விட்டது. ‘வேர்வை இல்லை’ என்ற நெகட்டிவும் போச்சு. இரண்டு வேளை எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு வேளைதான் போடுகிறார் என்பதும் காணோம். அடுத்து பார்க்கும் டாக்டர் சுகர் ஏறியிருப்பதைப் பார்த்து டோஸைக் கூட்டுவார்; இவருக்கு வயிறு இன்னும் பிரட்டும்.

சரி, விரிவுக்குத் திருப்பினால்? எல்லாம் வரும். போகிற போக்கில் மனைவியின் முட்டிவலியைப் பற்றி அவர் பேசியதும் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயமுறுத்துவது எக்ஸாமினேஷன் (டாக்டர் உடலைப் பரிசோதித்துக் கண்டது) பகுதி. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தார், வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் “இதய ஒலிகள் இயல்பு, நுரையீரல் தெளிவு” என்று வந்து நிற்கலாம். நிறைய எழுது என்று கேட்டால், மாடல் தான் படித்துப் பழகிய ஆயிரம் நோட்டுகளின் வாடையில் இடத்தை நிரப்பப் பார்க்கும். அந்த வரி வழக்கமான வரி போலவே இருப்பதால் அவசரத்தில் கண்ணில் படாது.

நீளமான நோட்தான் பாதுகாப்பு என்ற பழக்கத்துக்குப் பழைய காரணங்கள் உண்டு. அமெரிக்காவில் புறநோயாளி வருகைக்கான கட்டண நிலையைத் தீர்மானிப்பதில் ஹிஸ்டரி, எக்ஸாமினேஷன் இரண்டும் எவ்வளவு விரிவாக இருக்கின்றன என்பதும் கணக்கில் வந்தது. 2021 முதல் முடிவெடுப்பதில் உள்ள சிக்கல் அல்லது செலவான நேரம்தான் கணக்கு. பழக்கம்தான் போகவில்லை.

டெம்ப்ளேட்டுக்கு வருவோம். இன்று பலரும் எழுதும் ‘சோப்’ (SOAP: சப்ஜெக்டிவ், ஆப்ஜெக்டிவ், அசெஸ்மென்ட், பிளான்) வடிவம், 1968-இல் அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் விரிவாக முன்வைத்த, பிரச்சினைவாரியாகப் பதிவேடு எழுதும் முறையிலிருந்து வந்தது. அதன் நான்கு பகுதிகளும் நான்கு இடத்திலிருந்து வருகின்றன: நோயாளியின் வாய், டாக்டரின் கையும் கருவியும், டாக்டரின் மண்டை, அடுத்து செய்யப்போவது. இந்த நான்கையும் ஒரே பொத்தானால் கூட்டிக் குறைப்பதில் அர்த்தமில்லை. நான் எழுதும் கட்டளைகள் இவ்வளவுதான்: ஹிஸ்டரியில் எப்போது வருகிறது, எதில் குறைகிறது, எவ்வளவு நாள், கேட்டு ‘இல்லை’ என்று பதில் வந்தவை, மாத்திரையை உண்மையில் எப்படிப் போடுகிறார் என்பதை விடாதே. எக்ஸாமினேஷனில் வாயால் சொன்னதை மட்டும் எழுது; சொல்லாவிட்டால் காலியாக விடு. அசெஸ்மென்ட்டில் நான் சொன்ன காரணத்தோடு இரண்டு மூன்று வரி. பிளான் ஒவ்வொன்றும் ஒரு வரி.

குறை இல்லாமல் இல்லை. உட்கார்ந்து செதுக்க ஒரு மாலை போய்விடும். கட்டளைகள் ரொம்பக் கூடினால் மாடல் சிலதைக் கோட்டைவிடலாம். சளிக்கும் பிரஷர் ரிவ்யூவுக்கும் இதெல்லாம் ஓவர். அங்கே சுருக்கப் பொத்தானே போதும்.

மூன்றாவது வழியை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: நீளத்தைச் சுருக்கு, சுருக்கத்தை நீட்டாதே. ‘இன்னும் விரிவாக’ என்று கேட்கும்போது கருவி பழைய உரையாடலைத் திரும்பப் பார்க்கிறதா, கையில் இருக்கும் நோட்டை மட்டும் வைத்து ஊதுகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டை மட்டும் வைத்து என்றால், நம் நோயாளி மாடி ஏறியது அதற்குத் தெரியவே தெரியாது. இடது கைக்கு வலி பரவியது என்றுகூட எழுதிவைக்கும்.