சந்தை மாடா, கொட்டில் மாடா? எல்லை தாண்டி வண்டி ஏற்றுமுன்

கடந்த பங்குனியில் கர்நாடகத்தின் கோலார் பக்கத்திலிருந்து நான்கு கலப்பினப் பசுக்களைத் தருமபுரி மாவட்டத்துக்குக் கொண்டுவந்தேன். நான்கும் ஒரே விவசாயியின் கொட்டிலில் வளர்ந்தவை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு பசுக்களைச் சந்தையில் பிடித்து வந்திருந்தேன். இரண்டு வழியிலும் வண்டி ஏற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாநில எல்லை தாண்டி மாடு வாங்குவதென்றால் என் வாக்கு கொட்டில் மாட்டுக்குத்தான்.

சந்தையின் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒரே காலையில் நாற்பது மாடு பார்க்கலாம், பல் பிடித்துப் பார்க்கலாம், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசலாம், மாலையே வண்டி ஏற்றலாம். மடி பெரிதாகத் தெரியக் கறக்காமல் நிறுத்தியிருப்பார்கள் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். கொட்டில் கொட்டிலாகத் தேடிப் போனால் பத்து நாள் அலைச்சல், விலையும் கொஞ்சம் கூடும். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

காகித விதிகளும் இரண்டுக்கும் ஒன்றுதான். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, மாடு பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோயோ ஒட்டுண்ணி நோயோ இல்லாதது, தடுப்பூசி போடப்பட்டது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் ஒவ்வொரு வண்டியோடும் போக வேண்டும். அது இல்லாமல் வண்டிக்காரர் மாட்டை ஏற்றவே கூடாது. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது, கூடவே ஓர் ஆள் வேண்டும், தரை வழுக்கக் கூடாது. அந்தப் பழைய விதியில் வெக்கை நோய்த் தடுப்பூசி பெயர் சொல்லியே கேட்கப்பட்டிருக்கிறது. 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட நோய் அது. இன்று வேலை செய்வது அதை அடுத்து வரும் ‘மற்றத் தொற்றுநோய்கள்’ என்ற சொற்கள்தான்.

சான்றிதழ் ஒன்றே என்றால் வேறுபாடு எங்கே? நாட்களில். மருத்துவர் பார்ப்பது அன்றைய மாட்டை. நோயோ பல நாள் முன்பே உள்ளே புகுந்திருக்கும்.

நான் சந்தையில் வாங்கிய இரண்டு பசுக்களுக்கும் முறையான சான்றிதழ் இருந்தது. மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், குளம்பைப் பார்த்தார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. வீடு வந்த நான்காம் நாள் ஒரு பசு எச்சில் வடித்துக்கொண்டு காலை உதறியது. கோமாரி, அதாவது வாய், குளம்புப் புண் நோய். ஒரே கூரையின் கீழ் கட்டியிருந்தேன். பத்து நாளில் என் பழைய மாடுகள் ஐந்தும் படுத்துவிட்டன. ஒரு மாதக் கன்று ஒன்று புண் கூட வராமல் திடீரென்று விழுந்து செத்தது. இளங்கன்றுகளுக்கு இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிழைத்தவற்றில் ஒரு பசு இன்றும் வெயில் ஏறினால் நாய் போல் மூச்சிரைக்கிறது, சினை பிடிப்பதில்லை.

கோமாரி தொற்றியபின் வெளியே தெரிய இரண்டு முதல் பதினான்கு நாட்கள் ஆகலாம். ‘லம்பி’ என்று சொல்லும் தோல் கழலை நோய்க்கு உலக விலங்குநல அமைப்பு 28 நாட்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. சந்தை மாடு சான்றிதழுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் நூறு மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கும், அதற்கு முந்தைய வாரம் வேறொரு சந்தையில் நின்றிருக்கும். அந்த நாட்களுக்குப் பொறுப்புச் சொல்ல ஆளே இல்லை. ஏற்றும் நாளில் போடும் ஊசியும் இதைச் சரிசெய்யாது. தடுப்பூசியின் எதிர்ப்பு நன்றாக ஊன்ற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஏற்கெனவே தொற்றிய மாட்டை அந்த ஊசி காப்பாற்றாது.

கொட்டில் மாட்டில் இந்த நாட்களைக் கேட்டு வாங்கலாம். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி போடுகிறார்கள். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு, சினையைக் கலைக்கும் கன்று வீச்சு நோய்க்கு (புருசெல்லோசிஸ்) ஒரே ஒரு ஊசி. ஊசி போட்ட விவரம் காதில் உள்ள பன்னிரண்டு இலக்க வில்லையின் எண்ணோடு பதிவாகிறது. அந்த எண்ணை அவர்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லித் தேதியைக் கேட்டேன். விற்றவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி பாலைப் பற்றியது அல்ல. “அண்ணா, இந்தக் கொட்டிலுக்குள் கடைசியாக வெளி மாடு எப்போது வந்தது?” என்றுதான் கேட்டேன். “தீபாவளிக்கு முன்னால்” என்றார். பக்கத்துக் கொட்டிலிலும் அதையே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

முன்பணம் கொடுத்து, ஊசித் தவணை வந்திருந்த நான்குக்கும் அங்கேயே போடச் செய்து, மூன்று வாரம் அவர் கொட்டிலிலேயே விட்டுவைத்தேன். தீவனச் செலவு என்னுடையது. கன்று வீச்சு நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் செய்தோம். சினை மாடுகளில் இந்தச் சோதனை கன்று ஈனும்வரை நோயைக் காட்டாமல் போவதுண்டு என்பதால், ஈன்ற பின் இன்னொரு முறை எடுக்கப் போகிறேன். இந்த மூன்று வாரத்தைச் சந்தையில் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. என் முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

வண்டி விஷயத்திலும் இதே கதை. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009இல் பலர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு: மாடு ஏற்றும் வண்டியை ஏற்றுமுன்னும் இறக்கியபின்னும் உடனே கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். வழியில் மாட்டை நிறுத்திய இடத்துக்கும் இது பொருந்தும். சந்தை மாலையில் வரிசையில் நிற்கும் வண்டிகளில் முந்தைய மாட்டின் சாணம் காயாமல் கிடக்கும். இரண்டு மூன்று பேர் மாடுகள் சேர்ந்துதான் ஏறும். நான்கு பசுவுக்குத் தனி வண்டி பிடித்ததால் எனக்கு வாடகை கூடியது உண்மை. ஆனால் முதல்நாளே வைக்கோலும் சாணமும் வழித்தெடுத்து, கழுவி, நூறு லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிலோ சலவை சோடா கரைத்துத் தெளிக்க முடிந்தது. சாணத்தின் மேல் மருந்து தெளித்தால் பயனில்லை. கழுவுவதுதான் பாதி வேலை.

எந்த வழியில் போனாலும் முன்கூட்டிக் கேட்க வேண்டிய ஒன்று, புறப்படும் ஊர் ஏதாவது நோய்க்காக அந்தச் சட்டத்தின்படி ‘கட்டுப்பாட்டுப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பது. அப்படி அறிவித்தால் தடுப்பூசிச் சான்றும் அடையாளக் குறியும் இல்லாமல் அந்த நோய் தாக்கும் இன விலங்கு வெளியே போக முடியாது. நோய் கண்ட விலங்கோடு பட்ட, அல்லது நோயைச் சுமக்கக்கூடிய தீவனமும் படுக்கை வைக்கோலும் கூட வெளியேறக் கூடாது. வழித்தீவனமாக நாலு கட்டு வைக்கோல் போட்டுக்கொண்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சந்தை, கண்காட்சிகளுக்கும் அங்கே தடை வரும். தோல் கழலை நோய் பரவிய 2022இல் ராஜஸ்தானின் புஷ்கர் கால்நடைத் திருவிழாவே கால்நடைகள் இல்லாமல் நடந்தது.

கொட்டில் மாடு என்பதற்காக வந்ததும் கூட்டத்தில் சேர்க்கவில்லை. 28 நாள் தனியாகக் கட்டினேன். தனி வாளி, தனிச் சாணக்கூடை, கறவை கடைசியில், வாசலில் கால் நனைக்கச் சோடாக் கரைசல். பயணக் களைப்பில் உடம்பு தளரும்போது உண்ணிக் காய்ச்சலும் தொண்டை அடைப்பானும் தலைகாட்டும். அதனால் முதல் இரண்டு வாரம் காலை மாலை காய்ச்சல் பார்த்தேன். ஒன்பதாம் நாள் ஒரு பசுவுக்குச் சூடு ஏறியது. உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவர் சொல்லி ஊசி போட்டார், நான்கு நாளில் தேறியது. வேறு எதுவும் வரவில்லை.

வீட்டில் வேறு மாடே இல்லாதவர், பக்கத்துச் சந்தையில் முதல் மாடு வாங்குவதில் நான் சொல்லும் ஆபத்து பாதிகூட இல்லை. அவரைத் தடுக்க மாட்டேன். எருமைகளை நான் வண்டியேற்றியதில்லை. தொண்டை அடைப்பான் அவற்றைக் கடுமையாகத் தாக்கும் என்பதால் அந்த ஊசியைக் கட்டாயம் கேளுங்கள் என்பதற்கு மேல் அனுபவமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொந்தக் கன்றையே வளர்ப்பது எல்லாவற்றிலும் பத்திரம்தான், ஆனால் பால் காண இரண்டரை ஆண்டு காத்திருக்க வேண்டும். என் கொட்டிலில் இப்போது இரண்டு கிடேரிகள் அப்படி வளர்கின்றன.

அதே கோலார்க்காரரிடம் ஐந்தாவதாக ஒரு பசு பேசி வைத்திருக்கிறேன். ஆடிக் கடைசியில் ஊசி போட்டிருக்கிறார்கள். ஆவணி முடியும்போதுதான் வண்டி அனுப்புவேன்.