பெல்லட் கிரில் வாங்குமுன் சாம்பல் எந்த வழியாக வெளியே வருகிறது என்று பாருங்கள்

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டு, அதை எரித்துச் சமைக்கிற அடுப்புதான் பெல்லட் கிரில். நான்கு வருடம் அதில் பழைய வகை ஒன்றை வைத்திருந்தேன். போன வருடத் தொடக்கத்தில் அதைக் கொடுத்துவிட்டு, அடியில் சாம்பல் கிண்ணம் வைத்த வகைக்கு மாறினேன். சமையலில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. அதே புகை மணம், அதே நிதானமான சூடு. மாறியதற்குச் சாம்பல் ஒன்றுதான் காரணம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேருக்குச் சமைக்கலாம், வைஃபை உண்டா, எத்தனை டிகிரி வரை ஏறும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். சாம்பலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிது. பக்கத்தில் இருக்கிற ஹாப்பர் என்கிற பெட்டியில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். மோட்டார் சுற்றுகிற ஒரு திருகு, ஆகர் என்பார்கள், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் இருக்கிற ஃபயர்பாட்டில் போடுகிறது. அது கைக்குள் அடங்குகிற இரும்புக் கிண்ணம், பக்கமெல்லாம் ஓட்டைகள், அடியில் பற்றவைக்கிற கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றை அடிக்கிறது. தீக்கு மேலே ஒரு வெப்பத் தகடு, அதற்கு மேல் கொழுப்பு வழிந்தோடச் சாய்வாக வைத்த சொட்டுத் தட்டு, அதற்கு மேல்தான் நாம் சமைக்கிற கம்பித்தட்டுகள். அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ டிரேகர் இதற்கு 1986-இல் காப்புரிமை வாங்கினார், 2006-இல் அது காலாவதியான பிறகுதான் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் ஹாப்பர், திருகு, கிண்ணம், விசிறி என்கிற அமைப்பு பெரிதாக மாறவில்லை. மாறியதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கிண்ணத்திலிருந்து சாம்பலை எடுக்கிற வழி.

நல்ல பெல்லட்டில் சாம்பல் எடையில் ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதாவது ஒன்பது கிலோ பை முழுவதும் எரிந்தாலும் மிஞ்சுவது தொண்ணூறு கிராமுக்குள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மரச் சாம்பல் பஞ்சு மாதிரி, எடையே இருக்காது, இடத்தை அடைத்துக்கொள்ளும். கிண்ணமோ சின்னது. இரண்டு பை எரிப்பதற்குள் கம்பி பாதி புதைந்து, கீழ் வரிசை ஓட்டைகள் அடைபடத் தொடங்கிவிடும்.

பழைய வகையில் இதைச் சுத்தம் செய்கிற முறையை அப்படியே சொல்கிறேன். முதலில் கம்பித்தட்டுகள் இரண்டையும் எடுத்துப் பழைய செய்தித்தாளில் வைக்க வேண்டும். அடுத்து சொட்டுத் தட்டு. அதன்மேல் உறைந்த கொழுப்பு, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாலே விரல் பத்தும் பிசுபிசு. அப்புறம் வெப்பத் தகடு, அடிப்பக்கம் முழுக்கக் கரி. இத்தனையும் வெளியே வந்த பிறகுதான் கிண்ணம் கண்ணுக்கே தெரியும். வேக்யூம் கிளீனரின் குழாயை உள்ளே விட்டு உறிஞ்ச வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வந்த வரிசையின் தலைகீழில் வைக்க வேண்டும். தகடு சரியாக உட்காராவிட்டால் ஒரு பக்கம் கருகும், இன்னொரு பக்கம் வேகாது. இருபது நிமிட வேலைதான், அதில் கஷ்டமான பகுதி எதுவும் இல்லை. ஆனாலும் சமைக்கலாம் என்று ஆசையாக வெளியே வருகிற நாளில் இந்த இருபது நிமிடம் முன்னால் நிற்கும்போது, சரி, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மனது சொல்லிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மணி நேரம் வேக வேண்டிய பெரிய இறைச்சித் துண்டு ஒன்றைப் போட்டிருந்தேன். அதற்கு முன் நாலைந்து சமையலுக்குக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. மதியத்தில் பார்த்தால் 110 டிகிரியில் நிற்க வேண்டியது 70-க்கு இறங்கியிருக்கிறது. காற்று போகிற ஓட்டைகள் அடைபட்டதால் உள்ளே தீ அவிந்துவிட்டது. சூட்டைப் பார்த்துப் பெல்லட்டை விடுகிற கன்ட்ரோலருக்கு அது தெரியாது, அதற்குத் தெரிந்தது சூடு குறைகிறது என்பது மட்டும்தான், அதனால் ஏற்றுவதற்காக மேலும் மேலும் பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் விவரம் தெரியாமல் அணைத்துவிட்டு உடனே மறுபடி போட்டேன். சில நிமிடத்தில் மஞ்சள் கலந்த கனத்த புகை எல்லாச் சந்திலிருந்தும் கிளம்பியது, பிறகு குப்பென்று ஒரு சத்தம், மூடி எழும்பி விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் குழந்தைகள் யாரும் நிற்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

செய்திருக்க வேண்டியது இதுதான்: அணைத்து, முழுவதும் ஆற விட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கிண்ணத்தில் குவிந்த பெல்லட்டைக் கையால் அள்ளிப் போட்டு, சாம்பலை உறிஞ்சிய பிறகே மறுபடி பற்றவைப்பது. நடுவில் தீ அவிந்தால் எந்த வகைக் கிரில்லாக இருந்தாலும் இப்படித்தான்.

அடியில் கிண்ணம் வைத்த வகையில், கிரில்லுக்குக் கீழேயோ பக்கத்திலோ ஒரு பிடி இருக்கும். அதை இழுத்தால் ஃபயர்பாட்டின் அடித்தட்டு நகர்ந்து, சாம்பல் கீழே மாட்டியிருக்கிற சின்னக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்தைத் திருகிக் கழற்றி, மூடியுள்ள தகர டப்பாவில் கொட்டிவிட்டு மாட்ட வேண்டியதுதான். மேலே ஒன்றையும் தொட வேண்டாம். என் பழக்கம், முந்தின நாள் சமைத்தது முழுவதும் ஆறிக் கிடக்கிறபோது, அடுத்த சமையலுக்கு ஹாப்பரை நிரப்புகிற கையோடு பிடியை இழுத்துவிடுவது. ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு நிமிட வேலை என்பதால் ஒவ்வொரு தடவையும் செய்கிறேன், ஒவ்வொரு தடவையும் செய்வதால் ஃபயர்பாட் எப்போதும் காலியாக இருக்கிறது, மாறியதிலிருந்து ஒரு முறைகூட நடுவில் தீ அவியவில்லை. கேம்ப் செஃப் நிறுவனத்தின் பல மாடல்களில் இந்த வசதி உண்டு, வேறு சில நிறுவனங்களும் இதே மாதிரி செய்கிறார்கள்.

இதிலும் குறை இருக்கிறது. விசிறி அடிக்கிற காற்றில் மெல்லிய சாம்பல் பறந்து, கிரில்லின் உடலான பீப்பாயின் அடியெல்லாம் படிகிறது, அது சாம்பல் கிண்ணத்துக்கு வராது. ஆகவே வேக்யூம் கிளீனரைத் தூக்கிப் போட்டுவிட முடியாது, ஏழெட்டு சமையலுக்கு ஒருமுறை நானும் எல்லாவற்றையும் பிரித்து உறிஞ்சத்தான் செய்கிறேன். இன்னொன்று, அந்தப் பிடி. சாம்பல் துணுக்கு சிக்கி அடித்தட்டு முழுதாக மூடாமல் நின்றால் எரியாத பெல்லட் நேராகக் கீழே விழும், தீக்குக் காற்றும் ஒழுங்காக இருக்காது. எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி, அரை மணி நேரமாகியும் சூடு ஏறவே இல்லை. அதிலிருந்து பிடியை இரண்டு முறை உள்ளே வெளியே ஆட்டிவிட்டுத்தான் மூடுகிறேன். நகர்கிற பாகம் என்பதால் பத்து வருடம் கழித்துத் துரு எப்படி இருக்கும் என்பதற்கு என் ஒன்றரை வருட அனுபவம் போதாது. பழைய வகையில் அந்த இடத்தில் நகர்வதற்கே ஒன்றுமில்லை, அது அதன் பலம்தான்.

மூன்றாவதாக, கொழுப்பையும் சாம்பலையும் ஒரே பெட்டியிலோ இழுப்பறையிலோ சேர்க்கிற வகையும் இருக்கிறது. இதை அண்ணன் வீட்டில் ஐந்தாறு முறை கையாண்டதோடு சரி. இழுத்து, உள்ளே இருக்கிற தகர உறையோடு எடுத்துப் போட்டுவிடலாம், வேலை என்று பார்த்தால் மூன்றிலும் குறைவு இதில்தான். ஆனால் சாம்பலும் கொழுப்பும் கலந்து கெட்டிக் குழம்பாகிவிடுகிறது, செடிக்குப் போடச் சுத்தமான சாம்பல் கிடைக்காது, உறை தீர்ந்தால் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கனல் அடங்காத இடமும் கொழுப்பு சேர்கிற இடமும் அவ்வளவு பக்கத்தில் இருப்பதில் எனக்கு முழு நிம்மதி வரவில்லை. அண்ணனுக்கு இதுவரை ஒரு சிக்கலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாம்பலை எடுப்பதில் எல்லா வகைக்கும் பொதுவாக ஒன்று. ஆறிவிட்டது மாதிரி தெரிகிற சாம்பலுக்குள் மறுநாள் வரைகூடக் கனல் இருக்கலாம். வேக்யூம் கிளீனரை அதில் வைத்தால் உள்ளே இருக்கிற பை பற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வைத்திருக்கிறதை இதற்கு எடுக்காதீர்கள், மெல்லிய தூள் வடிகட்டியை அடைத்துவிடும், சாம்பலுக்கென்றே வருகிற உலோகத் தொட்டி வைத்தது நல்லது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற எண்ணமே வேண்டாம். ஈரம் பட்ட சாம்பல் பசையாகி ஓட்டைகளில் காய்ந்து உட்காரும், இரும்பும் துருப்பிடிக்கும்.

கொழுப்பு விஷயத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், அதிகம் சொல்ல இல்லை. சொட்டுத் தட்டில் அலுமினியத் தாள் விரிப்பதா, வெறும் தட்டைச் சுரண்டுவதா என்று கேட்பார்கள். தாள் போட்டால் எடுத்து எறிவது சுலபம், ஆனால் சுருக்கம் விழுந்த இடத்தில் கொழுப்பு ஓடாமல் குளம் கட்டும், பெரும்பாலும் தீப்பிடிப்பது அந்தக் குளம்தான். ஓரங்களில் சூடு ஏறிவருகிற இடைவெளியைத் தாள் மூடிவிடவும் கூடாது. நான் இப்போது தாள் போடுவதில்லை. தட்டு லேசாகச் சூடாக இருக்கும்போதே பிளாஸ்டர் பூசுகிற சின்னக் கரண்டியால் வழித்துவிடுகிறேன், ஒரு கை வீச்சில் மெழுகு மாதிரி சுருண்டு வருகிறது. கொழுப்பு போகிற குழாயின் வாயையும் அதே கரண்டியால் ஒரு குத்து. உள்ளே தீப்பிடித்துவிட்டால் அணைத்து மூடியை மூடியே வையுங்கள், தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

கம்பித்தட்டுக்கு இரும்புக் கம்பி பிரஷ் போடாதீர்கள், உதிர்ந்த கம்பி சாப்பாட்டில் ஒட்டிக்கொள்ளும். மரத்தில் செய்த சுரண்டி போதும். வெப்பநிலை பார்க்கிற சின்னக் கம்பி பீப்பாயின் உள்சுவரில் இருக்கும், அதில் பிசுக்கு ஏறினால் கன்ட்ரோலருக்குத் தப்பான கணக்கு போகும், ஈரத் துணியால் ஒரு துடை.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இரண்டாவது விஷயம், ஹாப்பரைக் காலி செய்ய ஒரு கதவு இருக்கிறதா என்பது. பெல்லட் அழுத்தி வைத்த மரத்தூள்தான், ஈரம் பட்டதும் உப்பி மறுபடி தூளாகிவிடும். அது திருகுக்குள் போய்க் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிக்கொள்ளும், மோட்டார் முனகும், திருகு சுற்றாது. என் பழைய கிரில்லில் கதவு இல்லை. மழை பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு கோப்பையால் மொண்டு மொண்டு எடுத்தேன், அடியில் ஒரு பிடித் தூள் எப்படியும் மிஞ்சியது. இப்போது இருப்பதில் கதவைத் திறந்து கீழே வாளி வைத்தால் எல்லாம் கொட்டிவிடுகிறது. பத்து நாள் சமைக்க மாட்டேன் என்று தெரிந்தால் காலி செய்து மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

பழைய வகையை ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு இரண்டு பைக்கும் ஒருமுறை தவறாமல் பிரித்துச் சுத்தம் செய்கிற ஆள் என்றால், நகரும் பாகம் இல்லாத அந்தக் கிண்ணம் நீண்ட நாள் உழைக்கும். அணைக்கும்போது நேராக பிளக்கைப் பிடுங்காமல், ஷட்டவுன் பொத்தானை அழுத்தி விசிறி தானாக நிற்கிற வரை விட்டால், கிண்ணத்தில் மிச்சமிருக்கிற பெல்லட்டும் எரிந்துவிடும், தீ பின்னோக்கித் திருகு வழியாக ஹாப்பருக்கு ஏறுகிற ஆபத்தும் குறையும்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் மூடியைத் திறந்து, கிண்ணம் கண்ணில் படும் வரை எத்தனை பாகத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று உங்கள் கையால் தூக்கிப் பாருங்கள். அடியில் பிடி இருந்தால் பத்துத் தடவை இழுத்து மூடுங்கள். எங்காவது சிக்குகிறதா, அடித்தட்டு முழுவதும் மூடுகிறதா என்று கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்துவிடுங்கள்.