ஹெட்போன் ஆம்ப் கிட் வாங்கப் போறீங்களா? அந்த எட்டு கால் சிப்பை முதல்ல செக் பண்ணுங்க

ரெண்டு மாசமா மனசுல வச்சிருந்தத இன்னைக்கு எழுதிடுறேன், இன்னொருத்தர் காசும் இப்படிப் போகக்கூடாது.

என்கிட்ட சென்ஹைசர் ஹெச்டி 600 ஹெட்போன் இருக்கு, 300 ஓம் (மின்தடை அளவு), லேப்டாப்ல சொருகினா வால்யூம் முழுசா வச்சாலும் சத்தம் பத்தல. நாமளே ஒரு ஆம்ப் (சத்தத்த கூட்டுற ஆம்ப்ளிஃபையர்) செஞ்சுக்கலாம்னு தேடினப்போ ரெண்டு டிசைன்ல வந்து நின்னேன். ஒண்ணு சீமாய், ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு டூயல் ஆப்ஆம்ப் சிப் (சிக்னல பெருக்குற எட்டு கால் சிப், லெஃப்ட் ரைட் ரெண்டுக்கும் ஒண்ணே போதும்), கொஞ்சம் ரெசிஸ்டர் கெப்பாசிட்டர், மிட்டாய் டப்பாக்குள்ளயே அடங்கிடும். இன்னொண்ணு 2011-ல தன் நிஜப் பேரச் சொல்லாத ஒரு இன்ஜினியர் வெளியிட்ட ஓ2. தரத்துல அது தான் மேல, கம்மி ஓம் ஹெட்போனையும் நல்லா ஓட்டும், ஆனா அதுக்கு ஏசி அவுட்புட் அடாப்டர் வேணும், நம்ம கடைகள்ல கேட்டா டிசி அடாப்டர தான் எடுத்து நீட்டுறாங்க. 300 ஓமுக்கு கரண்ட் ஜாஸ்தி தேவையில்ல, சீமாயே போதும்னு முடிவு பண்ணேன். அந்த முடிவுல தப்பில்ல, இப்பவும் அதையே தான் சொல்வேன்.

ஏமாந்தது கிட் வாங்குன இடத்துல. ஆன்லைன்ல ஒரு ஆள், "ஒரிஜினல் ஓபிஏ2134 சிப்போட ஃபுல் கிட்" 1,650 ரூபான்னு போட்டிருந்தாரு (ஓபிஏ2134-ங்கறது ஒரு ஆப்ஆம்ப் சிப்போட நம்பர்), யூபிஐ-ல அனுப்பிட்டேன், பார்சலும் நாலு நாள்ல வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை உக்காந்து பொறுமையா சோல்டர் பண்ணி, ஹெச்டி 600-அ தொடாம பழைய 32 ஓம் ஹெட்போன் ஒண்ண சொருகினேன். சொருகினதும் காதுல டப்புனு ஒரு அடி, அப்புறம் பாட்டு கிழிஞ்ச ஸ்பீக்கர்ல கேக்குற மாதிரி கரகரன்னு. பேட்டரிய ரெண்டா பிரிக்கிற நடு கிரவுண்ட அளந்து பாத்தா ரெண்டு பக்கமும் நாலரை நாலரை வோல்ட் இருக்க வேண்டியது ஒரு பக்கம் 7, ஒரு பக்கம் 2-னு சாஞ்சு கிடக்கு. ஹெட்போன கழட்டிட்டு அவுட்புட்ல டிசி அளந்தேன் (பாட்டே ஓடாதப்பவும் ஹெட்போனுக்குப் போற வோல்ட், பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இருக்கணும்), லெஃப்ட் 214 மில்லிவோல்ட், ரைட் 208. 20-க்கு மேல போனாலே ஹெட்போன் மாட்டக்கூடாதும்பாங்க.

விக்கிறவருக்கு வாட்ஸ்அப் பண்ணேன். "ப்ரோ உங்க சோல்டரிங் மிஸ்டேக், சோல்டர் பண்ணின கிட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது"-னு ஒரே வரி.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, நாம தான் எங்கயோ கெடுத்துட்டோம்னு. மறுநாள் போர்ட எடுத்துக்கிட்டு தாம்பரத்துல இருக்கற சித்தப்பாகிட்ட போனேன், முப்பது வருசமா டிவி ரிப்பேர் பாக்குறவரு. ரீடிங்க கேட்டுட்டு, "இன்புட்ல கிரவுண்டுக்கு எத்தன கே போட்டிருக்க, கெயின் எவ்வளவு?"-ன்னாரு. 100கே, அதாவது ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர், கெயின், அதாவது எத்தன மடங்கு பெருக்குதுங்கறது, 11-ன்னேன். அங்கயே ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டுனாரு: ஓபிஏ2134 எஃப்ஈடி இன்புட் (கரண்டே இழுக்காத மாதிரியான டிரான்சிஸ்டர் வகை), சிப் தன் இன்புட்ல இழுக்குற பயாஸ் கரண்ட் வெறும் 5 பைக்கோ ஆம்பியர், 100கே-ல அது ஒண்ணுமே இல்ல. என்ஈ5532 மாதிரி சிப் 200 நானோ ஆம்பியர் இழுக்கும், 100கே-ல 20 மில்லிவோல்ட், பதினொண்ணால பெருக்கினா 220. என் ரீடிங் கிட்டத்தட்ட அதே தான்! "தம்பி, இது நீ கேட்ட சிப்பே இல்லடா"-ன்னாரு.

நெயில் பாலிஷ் ரிமூவர்ல, அசிட்டோன் இருக்கறது, பஞ்ச நனைச்சு சிப் மேல தேச்சோம். எழுத்தோட சேந்து கறுப்புப் பூச்சு பஞ்சுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு, அடியில உப்புத்தாள் போட்டு இழைச்ச கோடு கோடா தெரியுது. இருவது முப்பது ரூபா சிப்ப இழைச்சு, பெயிண்ட் அடிச்சு, வேற பேர் எழுதி வித்திருக்காங்க. பாத்ததும் வயிறு எரிஞ்சுது.

சிப்ப நேரா சோல்டர் பண்ணாம சாக்கெட்ல சொருகி செஞ்சதால அத கழட்டிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன டிஎல்072-அ சொருகினோம், அதுவும் எஃப்ஈடி தான், டிசி 26, 18 மில்லிவோல்ட்னு உடனே இறங்கிடுச்சு. அதே போர்டு, அதே சோல்டரிங். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட ஆர்டர் போட்டு வந்த அசல் ஓபிஏ2134-ல 6, 3. அன்னைக்குத் தான் ஹெச்டி 600-அ நம்பி மாட்டினேன், வயலின் அவ்வளவு தெளிவா இருந்துச்சு.

தயவுசெஞ்சு சிப்ப மட்டும் மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 மாதிரி இடத்துல தனியா வாங்குங்க, ஷிப்பிங் சேத்தா விலை குத்தும், பரவால்ல. மத்த சாமான் லோக்கல்லயே போதும். சாக்கெட் போடாம சிப்ப நேரா சோல்டர் பண்ணாதீங்க, சாக்கெட் இல்லன்னா தப்பு யாரோடதுன்னே எனக்கு தெரிஞ்சிருக்காது. மீட்டர் 200 மில்லிவோல்ட் ரேஞ்ச்ல வெறும் 1 காட்டினா 2 வோல்ட்டுக்கு மாத்தி அளங்க. அளந்துட்டு தான் ஹெட்போன், அதுவும் பழசு முதல்ல.

தேச்ச சிப் போட்டோவும் ரீடிங்கும் அந்த ஆளுக்கு அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டாரு. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்கு அடிச்சு கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், யூபிஐ ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வச்சிருக்கேன். பதில் வந்ததும் இதே பதிவுல கீழ சேக்குறேன்.