கிளப்பரா, கிளப் மெம்பரா?

ஊட்டியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு சொல்லில் எதைப் போடுவது என்று அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

பொருள்: கிளப்பர், இரவு கிளப்புகளுக்கு ஆடப் போகிறவர். ஆங்கிலத்தில் அதற்கு முதலில் தோன்றும் பொருள் அதுதான்.
கிளப் மெம்பர், சந்தா கட்டிச் சேர்ந்தவர். ஆடத் தெரியவேண்டிய அவசியமில்லை.

இடம்: நம் மலையில் கிளப் என்றால் பலருக்கும் 1841இல் தொடங்கிய ஊட்டி கிளப்தான் நினைவுக்கு வரும். 1882இல் ஸ்னூக்கர் விதிகள் அங்கே எழுதி மாட்டப்பட்டதாகச் சொல்வார்கள். கோட்டும் டையுமாக அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் போய் 'கிளப்பர்' என்றால்? சரி, வேண்டாம்.

காது: கிளப்பர் என்றதும் புரளி கிளப்புகிறவர் மாதிரி கேட்கிறது. பழைய ஆட்களுக்கோ கிளப் என்றால் காபி கிளப். இட்லி சாப்பிடப் போகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.
மெம்பரிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கிளப்' சேர்க்காவிட்டால் வார்டு மெம்பர் ஆகிவிடுவார்.

பெங்களூருக்கு வார இறுதியில் ஆடப் போகும் தம்பிக்குக் கிளப்பர் பொருந்தும், அதுவும் பேச்சில். எழுத்தில் 'கிளப்புக்கு ஆடப் போகிறவர்' என்றே எழுதுவேன். ஊட்டிப் பெரியவருக்கு மெம்பர்தான்.